கவுண்டி கோர்ட்டில் சிறு தொகை வழக்கு: வக்கீல் இல்லாமல் நீங்களே போடும் வழி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யாராவது உங்கள் பணத்தைத் தராமல் இழுத்தடித்தால், தொகை 10,000 பவுண்டுக்குள் இருக்கும்வரை வக்கீல் வைக்காமல் நீங்களே வழக்குப் போடலாம். கவுண்டி கோர்ட்டில் இதற்கென்றே ‘ஸ்மால் கிளெய்ம்ஸ் டிராக்’ என்று ஒரு தனித் தடம் இருக்கிறது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையைப் பாதியில் போட்டுப் போனவர், பழுதான பொருளை விற்றுவிட்டு போனை எடுக்காத கடைக்காரர், கைமாற்று வாங்கித் திருப்பாத தெரிந்தவர், பில் கட்டாத வாடிக்கையாளர் எல்லோர் மேலும் இந்தத் தடத்தில் போகலாம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நீதிமன்றமும் விதியும் வேறு. இங்கே சொல்லும் வழக்கு முறை அங்கே செல்லாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விசாரணை நாளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது, ஜட்ஜ் என்ன கேட்பார் என்று. என்னைக் கேட்டால் அது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. யார் பெயரில் போடுகிறீர்கள், எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள், தீர்ப்பு வந்தால் அந்த ஆளிடம் எடுக்கப் பணம் இருக்கிறதா என்ற மூன்றும்தான் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. அவை மூன்றும் வழக்குப் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள்.

கோர்ட்டுக்குப் போகாமல் முடியுமா?

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் முதலில் கார்டு கம்பெனிக்கு எழுதுங்கள். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் உள்ள பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விற்றவரோடு சேர்த்துக் கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்குகிறது. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கேட்கலாம். டெபிட் கார்டு என்றால் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றுத்தரும் ‘சார்ஜ்பேக்’ வசதியை வங்கியிடம் கேளுங்கள். அதற்குக் கெடு குறைவு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டு டெபாசிட் தகராறு என்றால், அந்த டெபாசிட்டைப் பதிந்திருக்கும் பாதுகாப்புத் திட்டமே இலவசமாகத் தீர்த்துவைக்கும். சம்பள பாக்கி என்றால் முதலில் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் அமைப்பு, அதற்குப் பிறகு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம். அங்கே கட்டணமும் இல்லை. ஆனால் கெடு மிகக் குறுகியது.

ஒப்பந்தப் பணத்துக்குப் பொதுவாக 6 ஆண்டு வரை வழக்குப் போடலாம். பணம் தர வேண்டிய நாளிலிருந்தோ ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்தோ அந்தக் கணக்கு ஓடும். ஐந்தரை வருடம் பொறுத்திருந்தவர்கள் இன்றே உட்கார வேண்டும்.

யார் மேல் வழக்கு?

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். வேனில் எழுதியிருக்கும் பெயர், இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயர், விசிட்டிங் கார்டில் உள்ள பெயர் எல்லாம் வியாபாரப் பெயர்கள். வியாபாரப் பெயர் மேல் வழக்குப் போட்டால், தீர்ப்பு வந்த பிறகு அதை யார் மேல் நிறைவேற்றுவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

உங்களிடம் உள்ள பில்லையோ எஸ்டிமேட்டையோ எடுத்து அடிப்பகுதியில் உள்ள சின்ன எழுத்துகளைப் படியுங்கள். பெயரின் கடைசியில் ‘லிமிடெட்’ என்றோ ‘எல்எல்பி’ என்றோ இருந்தால் அது சட்டப்படி தனி அமைப்பு. வழக்கு அதன் மேல்தான், அதன் டைரக்டர் மேல் அல்ல. உங்களோடு பேசியது, கைகுலுக்கியது, பணத்தை எண்ணி வாங்கியது எல்லாம் டைரக்டர்தான் என்றாலும் சட்டப்படி கடன்பட்டது கம்பெனி. கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் காசு இல்லாமல் தேடிப் பார்க்கலாம். முழுப் பெயர், பதிவு எண், பதிவு முகவரி மூன்றையும் அங்கே இருக்கிறபடியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் கம்பெனியின் நிலை என்ன என்றும் பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்று இருந்தால் மேலே போகலாம். பெயரைப் பதிவிலிருந்து நீக்கப் போவதாக அறிவிப்பு இருந்தால் உடனே கம்பெனிஸ் ஹவுஸுக்கு ஆட்சேபம் எழுதுங்கள். கடன் பாக்கி உள்ளவர் ஆட்சேபித்தால் நீக்கத்தை நிறுத்திவைப்பார்கள். ‘டிஸால்வ்டு’ என்று இருந்தால் அந்தக் கம்பெனி இப்போது இல்லை. இல்லாத கம்பெனி மேல் போடும் வழக்குக்குக் கட்டணம் கட்டுவது வீண். ‘லிக்விடேஷன்’ என்று இருந்தால் கம்பெனியை மூடுகிறார்கள் என்று பொருள், அதை நடத்தும் லிக்விடேட்டரிடம்தான் உங்கள் கடனைப் பதிய வேண்டும்.

லிமிடெட் எதுவும் இல்லாமல் தனி ஆளாகத் தொழில் செய்கிறவர் என்றால், அவருடைய சொந்தப் பெயரைப் போட்டு, இன்ன பெயரில் வியாபாரம் செய்கிறவர் என்று சேர்த்து எழுத வேண்டும். வங்கிக்குப் பணம் அனுப்பியபோது எந்தப் பெயருக்குப் போனது என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும்.

முகவரியும் இதே அளவு முக்கியம். தனி ஆளுக்கு அவர் இப்போது வசிக்கும் வீடு, அல்லது உங்களுக்குத் தெரிந்தவரை கடைசியாக வசித்த வீடு. அவர் வீடு மாறியது தெரிந்தும் பழைய முகவரிக்கு அனுப்பித் தீர்ப்பு வாங்கினால், அவர் பிறகு வந்து ‘எனக்கு எதுவும் வரவில்லை’ என்று சொல்லி அதை ரத்து செய்யவைக்க முடியும். அத்தனை மாத உழைப்பும் முதல் படிக்குத் திரும்பிவிடும்.

கடைசியாக, கொடுக்க அவருக்கு வக்கு இருக்கிறதா என்று பாருங்கள். திவாலானவர்களின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ‘டிரஸ்ட் ஆன்லைன்’ தளத்தில் சிறு கட்டணம் கட்டினால், அந்த ஆள் மேல் ஏற்கெனவே தீராத கவுண்டி கோர்ட் தீர்ப்புகள் எத்தனை இருக்கின்றன என்று தெரியும். ஏழெட்டு இருந்தால், உங்களுடையது அந்த வரிசையில் இன்னொன்றாகத்தான் நிற்கும். அப்போது விட்டுவிடுவதும் ஒரு நல்ல முடிவுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆதாரங்களைச் சேர்த்தல், குறிப்பாக வாட்ஸாப்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே, நிரூபிப்பதுதான் கடினம். ஆனால் இப்போதெல்லாம் வாய்ப்பேச்சு என்று நாம் நினைப்பது பாதிக்கு மேல் வாட்ஸாப்பில் இருக்கிறது.

முழு உரையாடலையும் ‘எக்ஸ்போர்ட்’ செய்து வைத்துக்கொள்ளுங்கள். தேவையானதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால், மீதியை மறைத்ததாக எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுத்ததாகும். ஸ்க்ரீன்ஷாட்டில் தேதியும் எதிராளியின் எண்ணும் தெரிய வேண்டும். நீங்கள் செல்லப்பெயரில் சேமித்திருந்தால் அந்த எண் யாருடையது என்று காட்டும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

நம்மவர்களுக்கு நடுவில் நடந்த பேச்சு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. ‘அண்ணா அடுத்த கிழமை கட்டாயம் போட்டு விடுறன்’ என்று அவர் எழுதிய வரிதான் உங்கள் வழக்கின் உயிராக இருக்கலாம், ஏனென்றால் கடன் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட வரி அது. ஜட்ஜுக்கு அது புரியாது. தமிழில் இருந்தாலும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழாக இருந்தாலும், ஒவ்வொரு செய்திக்கும் எதிரே தேதி, யார் அனுப்பியது, ஆங்கில மொழிபெயர்ப்பு என்று ஓர் அட்டவணை தயார் செய்யுங்கள். மொழிபெயர்த்தவர் தம் பெயரையும், இரு மொழியும் தமக்குத் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதியையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொகை பெரிதாக இருந்தால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பதே நல்லது. வழக்காளியே மொழிபெயர்த்தால் எதிர்த்தரப்பு அதைச் சந்தேகிக்கும். வாய்ஸ் மெசேஜையும் இதேபோல் எழுத்தில் இறக்க வேண்டும்.

கையில் பணமாகக் கொடுத்து ரசீது வாங்கவில்லை என்றால், அதே நாளில் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்ததைக் காட்டும் ஸ்டேட்மென்ட், கொடுக்கும்போது உடன் இருந்தவரின் எழுத்துச் சாட்சி, பணம் கிடைத்ததைக் குறிக்கும் ஏதாவது ஒரு செய்தி இவை மூன்றையும் தேடுங்கள். அரைகுறை வேலைக்கு அன்றைய நிலையில் எடுத்த படங்களும், மீதியை முடிக்க வேறு இரண்டு பேர் தந்த எஸ்டிமேட்டுகளும் வேண்டும்.

வழக்குக்கு முந்தைய கடிதம்

இதைச் செய்யாமல் நேரே வழக்குப் போகக் கூடாது. ‘லெட்டர் பிஃபோர் கிளெய்ம்’ என்று சொல்லும் இந்தக் கடிதத்தில் என்ன ஒப்பந்தம், என்ன நடந்தது, எவ்வளவு தர வேண்டும், அதை எப்படிக் கணக்கிட்டீர்கள், எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போடுவேன் என்பவை இருக்க வேண்டும். ஆதாரங்களின் நகலை இணையுங்கள். எளிய தகராறுக்கு 14 நாள் கெடு போதும். நீங்கள் வியாபாரமாகவும் எதிராளி தனி ஆளாகவும் இருந்து கடனை வசூலிக்கும் வழக்கு என்றால் விதி வேறு: 30 நாள் தர வேண்டும், அதற்கென்று உள்ள தகவல் தாளையும் பதில் படிவத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

கோபத்தை இதில் காட்டாதீர்கள். ஊருக்கெல்லாம் சொல்வேன், உங்கள் வேலையிடத்துக்கு வருவேன் என்ற வரிகள் பிறகு ஜட்ஜ் முன்னால் விரிக்கப்படும். கடிதத்தைத் தபாலிலும் ஈமெயிலிலும் அனுப்பி, தபால் நிலையத்தில் அனுப்பியதற்கான அத்தாட்சிச் சீட்டை இலவசமாகக் கேட்டு வாங்கி வையுங்கள். பல தகராறுகள் இந்தக் கடிதத்தோடு முடிவதுண்டு. கோர்ட் தீர்ப்பு பதிவானால் 6 ஆண்டுக்கு வீட்டுக்கடன் வாங்குவதுகூடச் சிரமம் என்பது எதிராளிக்கும் தெரியும்.

வழக்கைத் தாக்கல் செய்தல்

அரசின் gov.uk என்று நாம் அறியும் ‘கவ் டாட் யூகே’ தளத்திலேயே பண வழக்கை இணையவழியில் தொடங்கலாம். தாளில்தான் வேண்டும் என்றால் ‘என்1’ படிவத்தை நிரப்பி நார்த்தாம்ப்டனில் உள்ள சிவில் நேஷனல் பிசினஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும். இணையவழிதான் வேகமானது, பதில் வந்ததா என்று பார்க்கவும் வசதி.

கட்டணம் நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்தது. 300 பவுண்டு வரை 35 பவுண்டு, 500 வரை 50, 1,000 வரை 70, 1,500 வரை 80, 3,000 வரை 115, 5,000 வரை 205, அதற்கு மேல் 10,000 வரை 455. கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் முன் கோர்ட் கட்டணப் பட்டியலான ‘இஎக்ஸ்50’ தாளில் சரிபாருங்கள். வருமானம் குறைவாக இருந்தாலோ சில அரசு உதவித்தொகைகள் பெற்றாலோ ‘ஹெல்ப் வித் ஃபீஸ்’ திட்டத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைக் குறைக்கவோ முழுதும் தவிர்க்கவோ முடியும். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், உரிமையோடு கேட்க வேண்டியது.

வழக்கின் விவரம் எழுதும் பகுதியில்தான் பலர் கதை எழுதிவிடுகிறார்கள். ‘மணி கிளெய்ம் ஆன்லைன்’ என்ற இணைய முறையில் 1,080 எழுத்துகளுக்குத்தான் இடம், இடைவெளியும் சேர்த்து. எண் போட்டு, தேதி வரிசையில், ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதன் அமைப்பு இப்படி இருக்கலாம்:

1. 2025 மார்ச் 3 அன்று, என் வீட்டுத் தரைக்கு 2,400 பவுண்டுக்கு டைல்ஸ் பதித்துத் தர பிரதிவாதி ஒப்புக்கொண்டு எஸ்டிமேட் தந்தார்.
2. மார்ச் 5 அன்று 1,800 பவுண்டு வங்கி வழியாகச் செலுத்தினேன்.
3. மார்ச் 17 முதல் 19 வரை தரையில் மூன்றில் ஒரு பங்கை முடித்தார். அதன் பிறகு வரவில்லை.
4. முடித்த வேலையின் மதிப்பு 800 பவுண்டு. மீதி 1,000 பவுண்டைத் திருப்பித் தரும்படி ஏப்ரல் 7 அன்று 14 நாள் கெடு வைத்து எழுதினேன். பணமும் பதிலும் வரவில்லை.
5. 1,000 பவுண்டும், வட்டியும், கோர்ட் கட்டணமும் கோருகிறேன்.

நான்காவது வரியைக் கவனியுங்கள். செய்த வேலைக்கு உரியதைக் கழித்துக்கொண்டு கேட்கிறார். கொடுத்த 1,800 முழுதும் வேண்டும் என்று கேட்டிருந்தால், எதிராளி செய்த வேலையைக் காட்டி எதிர்வாதம் செய்ய அவரே வழி விட்டிருப்பார். மீதி வேலையை வேறு ஆளிடம் முடிக்க அதிகச் செலவாகிறது என்றால், அந்தக் கூடுதல் செலவை நஷ்டமாகக் கணக்கிட்டுக் கேட்பதும் ஒரு வழி. எதைக் கேட்டாலும் அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு நிமிடத்தில் விளக்க உங்களால் முடிய வேண்டும்.

வட்டியை விட்டுவிடாதீர்கள். கவுண்டி கோர்ட் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் ஆண்டுக்கு 8 சதவீதம் கேட்பது வழக்கம். தொகையை 0.08-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி. 1,000 பவுண்டுக்கு அது ஏறக்குறைய 22 பென்ஸ். ஒரு சின்னக் கணக்கு: கட்டணம் வட்டியையும் சேர்த்துத்தான் பார்க்கப்படும். சரியாக 1,000 பவுண்டு கேட்டால் 70, அதோடு சில பவுண்டு வட்டி சேர்ந்தால் அடுத்த படிக்குப் போய் 80. இரண்டு வியாபாரங்களுக்கு இடையே உள்ள பில் பாக்கி என்றால் 1998-ஆம் ஆண்டின் தாமதக் கட்டணச் சட்டப்படி, பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம்.

கடைசியில், எழுதியது உண்மை என்று கையெழுத்திடச் சொல்வார்கள். தெரிந்தே பொய் எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பு.

அனுப்பிய பிறகு

கோர்ட்டே வழக்கை எதிராளிக்கு அனுப்பிவைக்கும். அது போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து அவருக்குப் பதில் தர 14 நாள். வழக்கு கிடைத்தது என்று ஒப்புகை அனுப்பினால் மொத்தம் 28 நாள் கிடைக்கும்.

அவர் முழுப் பணத்தையும் கட்டிவிடலாம். தர வேண்டும் என்று ஒப்புக்கொண்டு தவணை கேட்கலாம். தவணை மிகச் சிறிது என்றால் நீங்கள் மறுக்கலாம், அப்போது கோர்ட் ஒரு தவணையை நிர்ணயிக்கும். ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். மறுக்கலாம். மறுத்து உங்கள் மேலேயே எதிர்வழக்கும் போடலாம். எதிர்வழக்கு வந்தால் அதற்கு நீங்கள் 14 நாளுக்குள் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். இதைத் தவறவிட்டால், பணம் கேட்டுப் போன நீங்களே பணம் கொடுக்க வேண்டியவராக ஆகலாம்.

அவர் எதுவுமே செய்யவில்லை என்றால்? கெடு முடிந்த மறுநாளே நீங்கள் தீர்ப்புக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கோர்ட் தானாகத் தராது. நீங்கள் கேட்பதற்குள் அவருடைய பதில் வந்துவிட்டால் வழக்கு விசாரணைப் பாதைக்குப் போய்விடும். ஆகவே காலண்டரில் அந்த நாளைக் குறித்துவைத்து அன்று காலையே விண்ணப்பியுங்கள். கெடு முடிந்து ஆறு மாதம் நீங்களும் எதுவும் செய்யாவிட்டால் வழக்கு அப்படியே முடங்கிவிடும்.

சமரச அழைப்பு

வழக்கு மறுக்கப்பட்டால் ‘என்180’ என்ற கேள்விப் படிவம் இரு தரப்புக்கும் வரும். எந்த நாள்களில் வர முடியாது, எத்தனை சாட்சிகள் என்றெல்லாம் கேட்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்கும். வேண்டும் என்றால் மொழி தமிழ் என்று தெளிவாக எழுதுங்கள். விசாரணை நாளில் போய்க் கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள்.

2024 மே 22 முதல் சிறு தொகைப் பண வழக்குகளில் சமரசப் பேச்சு கட்டாயமாகிவிட்டது. கோர்ட்டின் சமரச அலுவலர் குறித்த நேரத்தில் போன் செய்வார். ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை. நீங்களும் எதிராளியும் நேரடியாகப் பேச வேண்டியதில்லை. அலுவலர் உங்களோடு கொஞ்சம், எதிராளியோடு கொஞ்சம் என்று மாறி மாறிப் பேசுவார். அங்கே சொன்னது எதையும் பிறகு ஜட்ஜிடம் சொல்லக் கூடாது. போனை எடுக்காமல் இருந்தால் அதற்காகவே கோர்ட் தண்டத்தொகை விதிக்கவோ வழக்கைத் தள்ளுபடி செய்யவோ முடியும்.

இந்த ஒரு மணி நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எவ்வளவு வந்தால் போதும் என்று ஒரு குறைந்தபட்சத் தொகையை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கணக்கிடும்போது விசாரணைக் கட்டணம், விடுப்பு எடுக்கும் நாள், பணம் வரும்வரை ஓடும் மாதங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். 1,000 பவுண்டு வழக்கில் பத்து நாளுக்குள் 800 கையில் வருகிறது என்றால் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். தவணை என்றால் ஒவ்வொன்றுக்கும் தேதி, தவறினால் என்ன என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

விசாரணை

சமரசம் ஆகவில்லை என்றால் வழக்கு ஒரு கோர்ட்டுக்கு மாற்றப்படும். எதிராளி தனி ஆள் என்றால் பொதுவாக அவருடைய பகுதிக் கோர்ட். விசாரணைத் தேதியோடு வரும் உத்தரவை இரண்டு முறை படியுங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய நாள். தொகைக்கு ஏற்ப 27 முதல் 346 பவுண்டு வரை. அது தவறினால் வழக்கே தள்ளுபடி. மற்றொன்று, ஆவணங்களைக் கோர்ட்டுக்கும் எதிராளிக்கும் அனுப்ப வேண்டிய நாள். வழக்கமாக விசாரணைக்கு 14 நாள் முன்.

ஆவணக் கட்டு எப்படி இருக்க வேண்டும்? முதலில் உங்கள் எழுத்துச் சாட்சியம், இரண்டு மூன்று பக்கத்துக்குள். பிறகு ஒப்பந்தம், பணம் கட்டிய ஆதாரம், செய்திகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும், படங்கள், வழக்குக்கு முந்தைய கடிதம், கடைசியாகத் தொகைக் கணக்கு. எல்லாப் பக்கத்துக்கும் தொடர்ச்சியாக எண் போடுங்கள். சாட்சியத்தில் ஒவ்வொரு வரியிலும் ‘பக்கம் 12’ என்று குறிப்பிட்டால், ஜட்ஜ் உங்களோடு சேர்ந்து புரட்டுவார். போனில் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சாட்சி சொல்லக் கூடியவர் நேரில் வர வேண்டும், கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

அறை பெரும்பாலும் சாதாரண மீட்டிங் அறைபோல் இருக்கும். கருப்பு அங்கி கிடையாது. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜை ‘ஜட்ஜ்’ என்று அழைத்தால் போதும், 2022 டிசம்பர் முதல் அதுவே முறை. சிறு தொகை விசாரணையில் சாட்சிய விதிகள் இறுக்கமாகப் பின்பற்றப்படுவதில்லை, ஜட்ஜே கேள்வி கேட்டு நடத்துவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எதிராளி பேசும்போது குறுக்கே பேச வேண்டாம், குறித்து வைத்துப் பிறகு சொல்லுங்கள். உங்களுக்காகப் பேச நண்பரையோ உறவினரையோ அழைத்துப் போகலாம். நீங்களும் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வரவே முடியாது என்றால், குறைந்தது 7 நாள் முன்பே கோர்ட்டுக்கும் எதிராளிக்கும் எழுதி, நான் இல்லாமல் தீர்மானியுங்கள் என்று கேட்க வேண்டும். சொல்லாமல் இருந்தால் வழக்குத் தள்ளுபடியாகலாம்.

தீர்ப்பு பெரும்பாலும் அன்றே. வென்றால் தொகை, வட்டி, கட்டிய கட்டணங்கள், பயணச் செலவு, வேலைக்குப் போகாததற்கு நாளுக்கு 95 பவுண்டு வரை கிடைக்கலாம். வக்கீல் வைத்திருந்தால் அவர் பீஸ் பொதுவாகக் கிடைக்காது. தோற்றாலும் எதிராளியின் வக்கீல் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது. நியாயமற்ற முறையில் நடந்துகொண்டவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இந்தத் தடத்தைத் துணிந்து பயன்படுத்தலாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

தீர்ப்புக்குப் பிறகு பணம்

வேறு தேதி சொல்லப்படவில்லை என்றால் 14 நாளுக்குள் அவர் கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டினால் கோர்ட் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து அது நீங்கும், இல்லாவிட்டால் 6 ஆண்டு இருக்கும். கட்டவில்லை என்றால் கோர்ட் தானாக வசூலித்துத் தராது. வழியை நீங்கள் தேர்ந்தெடுத்து, அதற்கு இன்னொரு கட்டணமும் கட்ட வேண்டும். அந்தக் கட்டணமும் அவர் கடனோடு சேரும்.

வேலைக்குப் போகிறவர் என்றால் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் உத்தரவு மெதுவானது, ஆனால் உறுதியானது. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அது பொருந்தாது. அவருடைய வங்கிக் கணக்கு எது என்று தெரிந்தால், அதை முடக்கும் உத்தரவுக்கு விண்ணப்பியுங்கள். உத்தரவு போய்ச் சேரும் நாளில் கணக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். நீங்கள் பணம் அனுப்பிய பழைய கணக்கு எண் இங்கே உதவும். சொந்த வீடு இருந்தால் உங்கள் கடனை அதன் மேல் ‘சார்ஜ்’ ஆகப் பதியலாம், வீட்டை விற்கும்போது பணம் வரும். பொருளைக் கைப்பற்ற பெய்லிஃப் என்ற கோர்ட் அமீனாவை அனுப்பலாம். 5,000 பவுண்டுக்கு மேல் என்றால் ஹைகோர்ட் அலுவலர்களிடம்தான் போக வேண்டும். 600 பவுண்டு முதலே அவர்களிடம் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, நுகர்வோர் கடன் சட்டத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு மட்டும் ஹைகோர்ட் வழி கிடையாது.

அவரிடம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், ‘என்316’ படிவத்தில் விண்ணப்பித்து அவரையே கோர்ட்டுக்கு வரவழைத்து, வருமானம், வங்கிக் கணக்கு, சொத்து பற்றிச் சத்தியம் செய்து பதில் சொல்லவைக்கலாம். கம்பெனி என்றால் அதன் டைரக்டரை ‘என்316ஏ’ படிவத்தில் அழைக்க வேண்டும். வர மறுத்தால் சிறைவரை போகக்கூடிய விஷயம் என்பதால் பலர் இந்தக் கட்டத்தில் பேச வருகிறார்கள்.

இன்று அவரிடம் எதுவும் இல்லை என்றாலும் தீர்ப்புத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பெய்லிஃப் வாரண்ட்டுக்கு 6 ஆண்டுவரை தனி அனுமதி தேவையில்லை. அதற்குள் அவர் வேலையில் சேரலாம், வீடு வாங்கலாம். பணம் முழுதும் வந்துவிட்டால், வந்த தேதியைக் குறிப்பிட்டுக் கோர்ட்டுக்கு எழுதிவிடுங்கள். அந்தப் பதிவைச் சரிசெய்ய அவருக்கு அது வேண்டும்.